பாடப் போகும் பிள்ளைகளை அழைத்துச் செல்வோருக்கு

சூளகிரியிலும் ஓசூரிலும் சேர்ந்திசைக் குழு, வயலின் வகுப்பு, பள்ளி பேண்டு என்று தொடங்கியிருக்கும் இளையவர்கள் என் வீட்டுக்கு வந்து பேசுவதுண்டு. அரை மணி நேரத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "வெளிநாட்டுல ஒரு புரோகிராம் பண்ணணும் சார், எப்படிப் போறது?" அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளைப் பாட வைத்தும் அவர்களோடு பயணம் போய்வந்தும் ஓய்வு பெற்ற இசை ஆசிரியன் நான். எனக்குத் தெரிந்ததை உங்களுக்காக எழுதித் தருகிறேன். தம்பிகளே, தங்கைகளே, இதில் முதல் அறிவுரையை மட்டும் யாரும் தள்ளிவிட்டுப் போக வேண்டாம். மற்றவை எல்லாம் அதிலிருந்து வருபவை.

1. உங்கள் குழுவில் கையில் காசே இல்லாத வீட்டுப் பிள்ளை யார் என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்தில் அது சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவரின் மகளாக இருக்கலாம். விடியுமுன் கொத்தமல்லிக் கட்டுகளைச் சந்தைக்கு அனுப்பும் வீட்டுப் பையனாக இருக்கலாம். அந்தப் பிள்ளையால் வர முடியாத பயணத்தை ஏற்பாடு செய்யாதீர்கள். பணம் கட்ட முடிந்த பதினைந்து பேரை மட்டும் பிரித்தெடுத்துக் கூட்டிப்போனால், திரும்பி வந்தபின் உங்களிடம் குழு இருக்காது. போனவர்கள் ஒரு பக்கமும் போகாதவர்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டிலும் அது கேட்கும்.

இளையோர் இசைக்குழுக்களின் உலகப் பயணத்துக்கே ஏழைப் பிள்ளைகள்தான் வழி போட்டார்கள். அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட மக்களுக்காக நாஷ்வில் நகரில் தொடங்கிய ஃபிஸ்க் பல்கலைக்கழகம் கடனில் மூழ்கியபோது, 1871 அக்டோபரில் ஒன்பது மாணவர்கள் பாடிப் பணம் திரட்டக் கிளம்பினார்கள். அவர்களில் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பல விடுதிகளில் அவர்களுக்கு அறை தர மறுத்தார்கள். தொடக்கக் கச்சேரிகளில் ஒன்றில் கிடைத்த 50 டாலருக்கும் குறைவான தொகையை, சிகாகோ பெருந்தீயில் வீடிழந்தவர்களுக்கு அப்படியே கொடுத்துவிட்டார்கள். 1873இல் கடல் கடந்து போய் விக்டோரியா மகாராணி முன் பாடினார்கள். அவர்கள் பாடிச் சேர்த்த பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய 'எல் சிஸ்டெமா' இயக்கமும் வசதியற்ற பிள்ளைகளின் கையில் வயலினைக் கொடுத்துத்தான் வளர்ந்தது. அதன் சிமோன் பொலிவார் இளைஞர் ஆர்க்கெஸ்ட்ரா 2007இல் லண்டன் ப்ராம்ஸ் விழாவில் வாசித்தபோது அரங்கமே எழுந்து நின்றது. நம் நாட்டில் கலிம்போங் மலையில் 1993இல் பாதிரியார் எட்வர்ட் மக்குவயர் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளியும், சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரியை ஒட்டி வளர்ந்த சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவும் இதே வழியில் வந்தவை. இவற்றைத் தொடங்கியவர்கள் பணம் கட்டும் பிள்ளையைத் தேடிப் போகவில்லை.

2. முதலில் ஊரில் பாடுங்கள். சூளகிரி வரதராஜப் பெருமாள் கோயில் வீதியில், ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர்த் திருவிழாவில், பள்ளி ஆண்டு விழாவில், தேவாலயத்தில், தொழிற்சாலை ஆயுத பூஜையில் என்று எங்கே கூப்பிட்டாலும் போங்கள். மைக் சரியில்லாத இடத்தில், ஜெனரேட்டர் சத்தத்தின் நடுவே, பந்தலுக்குக் கீழே பாடிப் பழகிய பிள்ளைகள் எந்த நாட்டு அரங்கிலும் திணற மாட்டார்கள். அமைதியான அறையில் மட்டும் ஒத்திகை பார்த்த பிள்ளைகள் புதிய மேடையில் ஒருவரை ஒருவர் கேட்க முடியாமல் சுருதியை விட்டுவிடுவார்கள். அடுத்ததாகச் சென்னை, கொல்கத்தா என்று நாட்டுக்குள்ளேயே ஒரு நீண்ட ரயில் பயணம் போய் வாருங்கள். யார் இரவில் அழுகிறார்கள், யாருக்கு வண்டியில் வாந்தி வரும், எந்தப் பெரியவர் பொறுமை இழக்கிறார் என்பதெல்லாம் அந்த ரயிலிலேயே தெரிந்துவிடும். முதல் வெளிநாடு இலங்கையாகவோ மலேசியாவாகவோ சிங்கப்பூராகவோ இருக்கட்டும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கடிகாரம் மாறாது. இட்லி கிடைக்கும். பாட்டின் சொல் புரிந்து கேட்கும் கூட்டமும் இருக்கும்.

3. அழைப்புக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உலகத்தில் நல்ல விழாக்கள் உண்டு. வேல்ஸ் நாட்டின் லாங்கொலென் இசைவிழா 1947இல் தொடங்கியது. போரால் பிரிந்த நாடுகளின் மக்கள் சேர்ந்து பாட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 1955இல் இத்தாலியின் மொடெனா நகரிலிருந்து வந்த குழு அங்கே முதல் பரிசு பெற்றது. அந்தக் குழுவில் அப்பாவோடு சேர்ந்து பாடிய 19 வயதுப் பையன்தான் பின்னாளில் உலகம் அறிந்த லுச்சானோ பவரொட்டி. உலக சேர்ந்திசைப் போட்டி 2000இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கியது. 2010இல் சீனாவின் ஷாவோஷிங் நகரில் நடந்தபோது, நீல் நோங்கின்ரி உருவாக்கிய ஷில்லாங் சேம்பர் கொயர் அங்கே தங்கம் வென்று வந்தது.

இவற்றின் நிழலில் வேறு வகையும் உண்டு. பதிவுக் கட்டணம், விடுதி, ஊர் சுற்றல் எல்லாம் சேர்த்து ஒரு தலைக்கு இவ்வளவு என்று விலை சொல்லி, புகழ்பெற்ற அரங்கின் படத்தைக் கடிதத்தில் போட்டு அனுப்புவார்கள். நியூயார்க்கின் கார்னகி ஹால்கூட வாடகைக்குக் கிடைக்கும் அரங்குதான். அங்கே பாடினோம் என்பது மட்டும் ஒரு குழுவின் தரத்துக்குச் சான்று ஆகாது. கடிதம் அனுப்பியவர்களிடம் நாலு விஷயம் கேளுங்கள். கேட்க வருவது யார்? சீட்டு விற்கிறார்களா, அல்லது பாட வந்த குழுக்களே மாறி மாறி ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்கிறார்களா? போன ஆண்டு வந்த குழுக்களில் ஒன்றோடு பேச முடியுமா? நடுவர்கள் குழுவோடு உட்கார்ந்து திருத்தம் சொல்வார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் போவதைப் பற்றி யோசிக்கலாம். தங்கச் சான்றிதழை வைத்து முடிவு செய்ய வேண்டாம். புள்ளி வரம்பைத் தாண்டிய எல்லாக் குழுவுக்கும் தங்கம் தருகிற போட்டிகள் பல.

4. பாஸ்போர்ட் வேலையைப் பயணத்துக்கு ஓராண்டுக்கு முன்பே தொடங்குங்கள். நம் பிள்ளைகளுக்குப் பெயர்தான் பெரிய சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறொன்று. இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. சூளகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் நிறைய. ஒரே பெயரை மூன்று விதமாக எழுதி வைத்திருப்பார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் தொல்லை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது தமிழ்நாட்டுப் பயணிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ அம்மா பெயரையோ அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். விமான டிக்கெட்டிலும் எழுத்துக்கு எழுத்து அதையே எழுதுங்கள்.

18 வயதுக்குக் கீழே என்றால் தாய், தந்தை இருவரின் ஒப்புதலும் வேண்டும். பிரிந்து வாழும் பெற்றோர், எங்கே இருக்கிறார் என்றே தெரியாத அப்பா என்பதெல்லாம் நம் பிள்ளைகளின் வாழ்க்கையில் உண்டு. அதற்கும் தனி உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மாவை மற்றவர்கள் முன்னால் வைத்து விசாரிக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, நீங்களே உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.

5. விசா கிடைக்கும் வரை போஸ்டர் அடிக்காதீர்கள். ஆப்கானிஸ்தான் இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடந்ததைக் கேளுங்கள். அஹ்மத் சர்மஸ்த் காபூலில் 2010இல் தொடங்கிய இசைப் பள்ளியின் பிள்ளைகள் அவர்கள். 2021இல் தாலிபான் வந்தபின் தப்பிப் போர்ச்சுகலில் குடியேறியவர்கள். 2024 மார்ச்சில் லண்டன் சவுத்பேங்க் அரங்கில் வாசிக்க எல்லாம் தயாராக இருந்தபோது பிரிட்டன் விசா மறுத்தது. பெரிய கண்டனம் எழுந்தபின்தான் கடைசி நேரத்தில் அந்த முடிவை மாற்றியது. உலகம் அறிந்த குழுவுக்கே அந்த நிலை என்றால் நமக்கு எத்தனை முன்னேற்பாடு வேண்டும்!

இசைக்குழு என்றாலே தூதரகங்கள் கொஞ்சம் உற்றுப் பார்க்கும். அதற்குக் காரணம் உண்டு. பாட்டுக் குழுவில் ஆள் சேர்த்து வெளிநாட்டில் இறக்கிவிட்டு வந்ததாகப் பஞ்சாபில் 2003இல் பதிவான வழக்கில் நீதிமன்றம் தண்டனையே கொடுத்தது. ஆகவே யாராவது "என் மச்சானையும் லிஸ்ட்ல சேர்த்துக்கோங்க சார், தாளம் போடுவான்" என்று வந்தால், வாசலிலேயே கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அவர் எவ்வளவு நன்கொடை தருவதாகச் சொன்னாலும் சரி. ஒருவர் அங்கே தங்கிவிட்டால், அடுத்த பத்தாண்டுக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் எவருக்கும் கதவு திறக்காது.

நடைமுறையில் சில செய்திகள். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளில் முடியாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவருக்கு 90 யூரோ. ஆனால் லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் கலை விழாவுக்கு, லாப நோக்கமற்ற அமைப்பின் சார்பில் போகும் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. கேட்காவிட்டால் யாரும் இதை எடுத்துச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவுக்கு, தம் மரபுக் கலையைக் காட்டப் போகும் குழுக்களுக்கென்று பி-3 என்ற விசா உண்டு. அங்கே இருக்கும் அழைப்பாளர்தான் முதலில் மனுப் போட வேண்டும். மலேசியாவுக்குச் சுற்றுலாவாகப் போவது எளிது, ஆனால் மேடையேற 'புஸ்பால்' என்ற அரசுக் குழுவின் அனுமதி வேண்டும். பெங்களூரு பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே உள்ள விசா மையத்துக்கு ஓடிவிடாதீர்கள். நம் முகவரி தமிழ்நாடு. சில நாடுகள் சென்னையில்தான் வாங்கும். கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

6. இனிப் பணம். நம்மைச் சுற்றி டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய தொழிற்சாலைகள் இருப்பதால், சமூகப் பொறுப்புக்காக அவை ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியில் விமான டிக்கெட் வாங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி இல்லை. கலை வளர்ச்சிக்கு அந்த நிதியைச் செலவிடலாம், ஆனால் நாட்டுக்கு வெளியே நடக்கும் செயல்பாடு சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று விதி சொல்கிறது. விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கு மட்டும் விலக்கு. எனவே கம்பெனியிடம் வயலின் கேளுங்கள், பயிற்சியாளருக்கு இரண்டாண்டுச் சம்பளம் கேளுங்கள், ஒத்திகைக்கு ஒரு அறை கேளுங்கள். டிக்கெட்டைவிட இவைதான் குழுவைக் காப்பாற்றும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது உங்கள் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பினால், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. உடன் வரும் ஆசிரியர் அரசு ஊழியர் என்றால், துறையின் அனுமதியோடு வேலை முடியாது. அந்நிய நாட்டார் தரும் தங்குமிடமும் உணவும் ஏற்க அதே சட்டப்படி மத்திய உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதியும் தேவை. இதை அறியாமல் நல்ல ஆசிரியர்கள் விளக்கம் கேட்டு வந்த கடிதத்தோடு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

1950இல் மௌலானா ஆசாத் தொடங்கிய இந்தியக் கலாசார உறவு மன்றம், தன் பட்டியலில் உள்ள குழுக்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. அந்தப் பட்டியலில் இடம் பெற முயலுங்கள், காத்திருப்பு நீண்டதாக இருந்தாலும்.

பெற்றோரிடம் வாங்கும் தொகையை எப்படி முடிவு செய்வது? ஒரே தொகையை எல்லார் தலையிலும் கட்டாதீர்கள். முழுச் செலவையும் கூட்டிப் பாருங்கள். முடிந்தவர்கள் முடிந்ததைத் தரட்டும், மீதியை ஊர்க் கச்சேரிகளில் குழுவே சேர்க்கட்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது உங்களுக்கும் கணக்கு எழுதுபவருக்கும் மட்டும் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது. ஆனால் செலவுக் கணக்கு, கடைசி டீ வரைக்கும், எல்லாப் பெற்றோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட வேண்டும். வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டுகிறார் என்று தெரிந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளை பத்து நாள் பாடிவிட்டு வந்த பிறகு அம்மா மூன்று வருடம் கடன் கட்டுவதற்காக நாம் இசை சொல்லித் தரவில்லை.

7. உங்கள் பாட்டை எடுத்துப் போங்கள். வியன்னாவுக்குப் போய் மொசார்ட்டை அவர்களுக்கே பாடிக் காட்ட வேண்டும் என்று இளையவர்களுக்கு ஒரு வேகம் இருக்கும். ஒன்று பாடலாம், மரியாதைக்காக. மீதி நம்முடையதாக இருக்கட்டும். எம்.பி. ஸ்ரீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து, பாரதியார் பாடல்களைப் பல குரல் அடுக்கில் அமைத்துக் காட்டினார். தமிழோடு நிற்காமல் இந்திய மொழிகள் பலவற்றில் பாட வைத்தார். கொல்கத்தாவில் ரூமா குஹா தாகுர்தா 1958இல் தொடங்கிய யூத் கொயர், வங்க நாட்டுப் பாடல்களையும் மக்கள் பாடல்களையும் பாடிய குழு. 1974இல் கோபன்ஹேகன் இளைஞர் விழாவில் அதற்கு முதலிடம் கிடைத்தது.

நம் ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு, பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு பிரார்த்தனைப் பாடல் எழுதினார். சென்னையில் மேற்கத்திய சேர்ந்திசையை வளர்த்த ஹேண்டல் மேனுவேல் அதற்கு மெட்டமைத்தார். 1966 அக்டோபர் 23 அன்று நியூயார்க்கில் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி அதைப் பாடினார். கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குள் மேற்கத்திய மெட்டில் ஓர் ஆங்கிலப் பாட்டு! அதன் சொல் பிறந்தது நம் பக்கத்து ஊர்க்காரர் மனத்தில்.

சூளகிரிப் பிள்ளைக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் நாக்கில் இயல்பாக வரும். உருதும் வரும். சென்னைக் குழுக்கள் மாதக்கணக்கில் உச்சரிப்புப் பழக வேண்டியதை இவர்கள் விளையாடிக்கொண்டே பாடிவிடுவார்கள். நாற்று நடும்போது பாட்டிமார் பாடும் பாட்டு, பம்பை அடியின் தாளம், கூத்து மேடையின் விருத்தம் என்று நம்மிடம் இருப்பதைத் தேடி எடுத்து அடுக்கிப் பாருங்கள். பாரிஸில் ஆரியான் மனூஷ்கினின் தியேட்டர் து சொலெய் நாடகக் குழு 2016இல் மேடையேற்றிய நாடகத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரானிடம் தெருக்கூத்துக் கற்றது. அந்நியர் நம்மிடம் தேடி வருவது அதற்குத்தான்.

8. குரலைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. பையன்களுக்குக் குரல் உடைவது பெரும்பாலும் 12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில். தேர்ந்தெடுத்த நாளில் மேல்சுருதியில் பாடியவன் விசா வரும் நாளில் கட்டைக் குரலில் பேசுவான். "உன் குரல் போச்சு, நீ வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள், அந்த வயதுக்கு அது ஆறாத காயம். கீழ்க்குரல் வரிசை ஒன்றை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாளக்கருவி பழக்கி வையுங்கள். வியன்னா சிறுவர் குழுவில் ஏறத்தாழ நூறு பையன்கள் இருக்கிறார்கள். நான்கு குழுக்களாகப் பிரித்து மாறி மாறித்தான் பயணம் அனுப்புகிறார்கள், படிப்பும் குரலும் கெடக்கூடாது என்பதற்காக.

விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. மணிக்கொரு முறை தண்ணீர் குடிக்க வையுங்கள், கழிவறைக்கு வெட்கப்பட்டுக் குடிக்காமல் இருப்பார்கள். ஐரோப்பா, அமெரிக்கா என்றால் இறங்கிய முதல் நாள் கச்சேரி வைக்கக் கூடாது. அழைத்தவர் எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு நாளில் இரண்டு முழுக் கச்சேரி வேண்டாம். பேருந்தில் கத்திப் பாடிக்கொண்டே போவதுதான் தொண்டையை முதலில் கெடுக்கும். ஆனாலும் அதை முழுக்கத் தடுக்க மனம் வராது. அரை மணி நேரம் விடுங்கள்.

9. வாத்தியங்களுக்கும் பாஸ்போர்ட் போல ஒரு பட்டியல் வேண்டும். எது, எத்தனை, என்ன மரம், என்ன தோல் என்று எழுதிப் படத்தோடு வையுங்கள். விலை உயர்ந்தவை பல இருந்தால், ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு வழங்கும் ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணத்தை வாங்குங்கள். தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருகிறோம் என்று இரு நாட்டுச் சுங்கத்துக்கும் அது சாட்சி. ஓரிரு வாத்தியம் என்றால் கிளம்பும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

உடும்புத் தோல் கஞ்சிராவைக் கையில் தொடவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆட்டுத்தோல் கஞ்சிராவோ செயற்கைத் தோலோ போதும். தந்தம் பதித்த பழைய வீணை, தம்பூரா வீட்டிலேயே இருக்கட்டும். ஈட்டி மரத்தால் செய்து முடித்த வாத்தியங்களுக்கு இருந்த உலகக் கட்டுப்பாடு 2019 நவம்பரில் தளர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியா போகும் குழு, தோல், மரம், வைக்கோல் எது இருந்தாலும் படிவத்தில் அறிவித்துவிட வேண்டும்.

பறையைத் தீயில் காய்ச்ச எந்த வெளிநாட்டு அரங்கும் விடாது. மின்சார ஹீட்டரோ முடி உலர்த்தும் கருவியோ கொண்டுபோங்கள். நாதஸ்வரமும் புல்லாங்குழலும் குளிரில் சுருதி இறங்கும், மேடைக்குப் போகும்முன் ஊதிச் சூடேற்ற நேரம் கொடுங்கள். அவர்கள் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிப்பதாக இருந்தால், எந்த அதிர்வெண்ணில் சுருதி சேர்க்கிறார்கள் என்று முன்கூட்டியே கடிதத்தில் கேளுங்கள். பொது அளவு 440 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் சில குழுக்கள் இன்னும் சற்று மேலே வைத்திருப்பார்கள். நம் பழைய ஆர்மோனியம் இரண்டுக்கும் சேராமல் நடுவில் நிற்கும்.

10. இதை மெல்லப் படியுங்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவருக்குக் குறையக் கூடாது. பெண் பிள்ளை ஒருவர் இருந்தாலும் பெண் ஆசிரியரோ ஒரு தாயோ உடன் வர வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் அறையில் தனியாக இருக்கக் கூடாது. நீங்களும்தான். எவ்வளவு நல்லவரானாலும் இந்த விதிக்கு விலக்கு இல்லை. அங்குள்ள குடும்பங்களில் தங்க வைத்தால் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளாவது சேர்ந்து இருக்கட்டும், இருவரிடமும் உங்கள் எண் இருக்கட்டும். "சாருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது" என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நடு இரவில் போன் செய்யத் தயங்குவார்கள். செய்யலாம், செய்ய வேண்டும் என்று கிளம்புமுன் பத்து முறை சொல்லுங்கள். மாதவிடாய்க்கு வேண்டியவை, வலிப்பு மாத்திரை, ஆஸ்துமா பம்ப், ஒவ்வாமைக் குறிப்பு எல்லாம் பிள்ளையின் கைப்பையில் ஒன்று, உங்கள் பையில் ஒன்று. பெற்றோரின் ஒப்புதல் கடிதம் ஆங்கிலத்தில், நோட்டரி கையெழுத்தோடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் கொடுத்து, வண்டி ஏறும் போதும் இறங்கும் போதும் அவர்களே வரிசையாகச் சொல்லட்டும். ஆசிரியர் கண்ணால் எண்ணுவதை நான் நம்புவதில்லை.

11. சாப்பாடு: முதல் இரண்டு நாளுக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சத்துமாவு கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு அவர்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடப் பழகட்டும். யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்பதை முன்பே எழுதி அனுப்புங்கள். அதை வைத்து ஒரே மேசையைச் சாதி மேசைகளாகப் பிரிக்க எந்தப் பெற்றோரையும் அனுமதிக்காதீர்கள்.

12. நம் விமான நிலையம் தேவனஹள்ளியில் இருக்கிறது, பெங்களூருவின் வடகோடியில். நாம் தெற்கிலிருந்து போகிறோம். அத்திப்பள்ளி எல்லை, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு மூன்றையும் தாண்ட எத்தனை மணி ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டை வழி சுற்றிப் போனால் நகர நெரிசல் இல்லை. வேனுக்குக் கர்நாடக பெர்மிட் முதல் நாளே எடுத்துவிடுங்கள். காவிரிப் பிரச்சினை கிளம்பினால் எல்லையில் வண்டிகள் நின்றுவிடும். 2016 செப்டம்பரிலும் 2023 செப்டம்பரிலும் நாம் பார்த்தோம். தண்ணீர் குறைந்த ஆண்டில் ஆகஸ்ட், செப்டம்பரில் பயணம் வைத்தால், சென்னையிலிருந்து ஏறும் டிக்கெட்டையே பாருங்கள். எப்படியானாலும் முதல் நாள் மாலையே கிளம்பி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கிவிடுவது நல்லது.

13. திரும்பி வந்தவுடன் பாராட்டு விழா, சால்வை, பேனர் எல்லாம் நடக்கும். நடக்கட்டும். அந்த வாரமே, போகாத தம்பி தங்கைகளோடு ஒத்திகையைத் தொடங்கிவிடுங்கள். பாடப்போன ஊரின் குழுவுக்கு ஒரு அழைப்பு அனுப்புங்கள். அவர்கள் வந்தால் சூளகிரி வீடுகளில் தங்கட்டும். சீட்டு வீடாக இருந்தாலும், ஒரே அறையாக இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம். நம்மை வீட்டில் வைத்துச் சோறு போட்டவர்களுக்கு நாம் திருப்பிச் செய்யும் கடமை அது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத்திருவிழா நடக்கிறது. மாநில அளவில் சிறந்து வரும் மாணவர்களை வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வதாக அரசே அறிவித்திருக்கிறது. கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, குரலும் நாதஸ்வரமும் தவிலும் மிகக் குறைந்த கட்டணத்தில் கற்கலாம். நம் ஊர் அரசுப் பள்ளியில் சேர்ந்திசை வகுப்பு இல்லையென்றால், தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு வகுப்பறை, ஒரு சுருதிப் பெட்டி போதும் என்று சொல்லுங்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே தொடங்குங்கள்.